மானியத்துக்கு வாக்கு, ஒப்பந்தத்துக்கு யார் கணக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டத்தின்படி அல்லாமல், ஒரு மாநில அரசின் வருவாயும் கடனும் வந்து சேரும் தொகுப்பு நிதியிலிருந்து எந்தப் பணத்தையும் எடுக்கக் கூடாது என்று இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் சட்டப்பேரவையிடம் இருக்கிறது. நிதிநிலை அறிக்கை, ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையிடம் தொகை கேட்கும் மானியக் கோரிக்கைகள், நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு, துணை மதிப்பீடுகள் என 202 முதல் 206 வரையுள்ள பிரிவுகள் வகுத்திருக்கும் வழிமுறை முழுவதும் இந்த ஓர் அதிகாரத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஆனால், பேரவை அனுமதித்த பணம் ஒப்பந்தமாக மாறி யாருடைய கைக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையின் பேரில் போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதே பேரவைக்கு மிகக் குறைவாகவே இருக்கிறது. கணக்குத் தணிக்கையில் பணியாற்றியவன் என்ற முறையில் இந்த இடைவெளியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மானியக் கோரிக்கைப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு அதன் அமைப்பு தெரிந்திருக்கும். சாலைகள், பாலங்களுக்கான மூலதனச் செலவு 5054 என்ற கணக்குத் தலைப்பின் கீழ் வரும். அதில் தொகை இருக்கும். சென்ற ஆண்டின் மதிப்பீடும் திருத்த மதிப்பீடும் இருக்கும். எந்த ஒப்பந்ததாரர், எந்த விகிதம், எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்பவை அதில் இடம்பெறுவதில்லை. அவை அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டியவையும் அல்ல. கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்களை உறுப்பினர்கள் கொடுக்கிறார்கள், தொகுதிக் கோரிக்கைகளை எழுப்புகிறார்கள், அமைச்சர் பதிலுரை தருகிறார், மானியம் நிறைவேறுகிறது. பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிடும் ஒரு துறைக்குச் சில மணி நேரம் கிடைத்தாலே அதிகம். நாடாளுமன்ற, சட்டமன்ற நடவடிக்கைகளைத் தொகுத்து ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் மாநிலச் சட்டப்பேரவைகள் கூடியது சராசரியாக 23 நாள்கள்தான். இந்தக் கால அளவில் செலவின் உள்விவரங்களுக்குள் யாராலும் செல்ல முடியாது.

மானியம் நிறைவேறிய பிறகுதான் ஒப்பந்தத்தின் காலம் தொடங்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் பிரிவின்படி, மாநில அரசின் ஒப்பந்தங்கள் ஆளுநரின் பெயரால், அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலரால் எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென 1998ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தப்புள்ளிகளில், அதாவது டெண்டர்களில், ஒளிவுமறைவின்மைக்கான தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அதற்கான விதிகள் வந்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றுக்குக் குறைந்தது 30 நாளும் ஒப்பந்தப்புள்ளி அளிக்க அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அவகாசத்தைக் குறைத்தால், மேல் நிலை அலுவலர் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இயற்கைச் சீற்றம் போன்ற அவசரநிலைகளிலும், பொருள் ஒரே ஓர் இடத்தில் மட்டுமே கிடைக்கும் நிலையிலும் ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே கொள்முதல் செய்யச் சட்டம் விலக்கு அளிக்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆயினும் அவகாசத்தைக் குறைப்பவர், விலக்கு அளிப்பவர், மேல்முறையீட்டைக் கேட்பவர் ஆகிய எல்லோரும் செலவு செய்யும் அரசுக்கு உள்ளேயே இருக்கிறார்கள். பதிவு செய்யப்பட்ட அந்தக் காரணம் கோப்பை விட்டு வெளியே வருவதில்லை.

நீதிமன்றம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1994ஆம் ஆண்டு டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே ஓர் எல்லையைக் குறித்தது: முடிவு எடுக்கப்பட்ட முறை சரியா என்று நீதிமன்றம் பார்க்கும்; முடிவு சிறந்ததா என்று தன் கருத்தைக் கொண்டு தீர்மானிக்காது. அது நியாயமான எல்லை. அப்படியானால், விலை சரியா, வேலை தேவையா, கொடுத்த பணத்துக்கு உரிய பொருள் வந்ததா என்று கேட்கும் கடமை யாருக்கு? தணிக்கைக்கும், அந்தத் தணிக்கையைப் படிக்கும் பேரவைக் குழுவுக்கும்தான்.

தணிக்கை இதை எங்கே பார்க்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பணியிடத்தில் பொறியாளர் எழுதும் அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. தோண்டிய மண்ணின் நீளம், அகலம், ஆழம், போட்ட தாரின் தடிமன் என எல்லாம் தேதியோடு அதில் எழுதப்பட்டு, அதன் அடிப்படையில்தான் ஒப்பந்ததாரர் தரும் செலவுப் பட்டியலுக்கு (பில்) பணம் தரப்படும். ஒரே பொறியாளர் ஒரே நாளில் தொலைவில் உள்ள இரண்டு பணியிடங்களில் அளவெடுத்ததாக அந்தப் புத்தகங்கள் காட்டும்போதும், போட்டதாகச் சொல்லப்படும் தாருக்கும் சுத்திகரிப்பு ஆலையில் வாங்கிய தாரின் ரசீதுகளுக்கும் கணக்கு உதைக்கும்போதும் தணிக்கையாளர் நிமிர்ந்து உட்காருவார். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளைக் காட்டிலும் அதற்குப் பிந்தைய மாதங்களைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். குறைந்த விலைப்புள்ளி கொடுத்துப் பணியைப் பெற்ற பிறகு கூடுதல் பணிகள், அளவு உயர்வு, கால நீட்டிப்பு, துணை ஒப்பந்தம் என்று தொகை வளரும். போட்டியில் வென்ற விலையும் இறுதியில் அரசு கொடுத்த விலையும் வேறுவேறாக இருந்தால் அந்தப் போட்டிக்கு என்ன பொருள்? அதேபோல், ஒரு பெரிய பணியைச் சிறு சிறு பணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கீழ்நிலை அலுவலரின் அனுமதி வரம்புக்குள் கொண்டுவருவதும் பழைய வழக்கம்.

இவையெல்லாம் இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையில் பத்திகளாக வருகின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி அந்த அறிக்கை ஆளுநரிடம் அளிக்கப்பட்டு, அவர் வழியாகப் பேரவையின் முன் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. என் பார்வையில், இந்த ஏற்பாட்டிலேயே பெரிய ஓட்டை இதுதான். தில்லிக்குத் தனிச் சட்டம் உண்டு என்றாலும், அங்கே பல தணிக்கை அறிக்கைகள் நெடுங்காலம் அவைக்கு வராமல் கிடந்து, அதைத் தில்லி உயர் நீதிமன்றம் கண்டித்து, ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் அந்த அறிக்கைகள் பேரவையில் வைக்கப்படத் தொடங்கின. பல மாநிலங்களில் அறிக்கை கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசைக்கு வருகிறது. விவாதிக்க அவகாசம் இல்லாமல் அவை கலைகிறது.

பேரவையில் வைக்கப்பட்ட அறிக்கை, அதன் உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. இங்கிலாந்தில் 1861ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது உருவான அமைப்பு இது. இந்தியாவின் மத்திய சட்டமன்றத்துக்கு 1921இல் வந்தது. 1967 முதல் நாடாளுமன்றக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருக்கும் மரபு ஏற்பட்டது. மாநிலங்களின் குழு அமர்வில் அமைச்சர்கள் அல்ல, துறைச் செயலாளர்களே பதில் சொல்கிறார்கள். தணிக்கைத் துறையின் மாநில அலுவலரான மாநிலக் கணக்காயர் குழுவுக்கு உதவியாக இருக்கிறார். ஆளுங்கட்சி உறுப்பினர்கூடக் கட்சியை மறந்து கேள்வி கேட்கும் அறை அது. அவையின் பொது மேடையில் காண முடியாத அக்கறையை அங்கே காணலாம். ஆனால் குழு ஒரு பத்தியை எடுப்பதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிடுகின்றன. கையெழுத்திட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். ஒப்பந்த நிறுவனம் பெயர் மாறியிருக்கும். பதில் சொல்ல வந்த செயலாளர் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருக்கும். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

தாமதத்தின் விலை என்ன என்பதற்குப் பீகாரின் கால்நடைத் தீவன ஊழலைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. கால்நடைத் துறை தனக்குப் பேரவை ஒதுக்கிய தொகையைத் தாண்டி ஆண்டுதோறும் கருவூலங்களிலிருந்து பணம் எடுத்தது. மாடுகளை ஏற்றி வந்ததாகப் பட்டியலில் காட்டப்பட்ட வண்டிகளின் பதிவு எண்கள் ஸ்கூட்டர்களுடையவையாக இருந்தன. 1996 ஜனவரியில், இன்று ஜார்க்கண்டில் உள்ள சாய்பாசாவில் மாவட்ட நிர்வாகம் சோதனை நடத்திய பிறகே முழு உருவமும் வெளியே வந்தது. தொகை ஏறத்தாழ 950 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. ஒதுக்கீட்டுக்கு மேல் செலவு என்பது ஒளிந்திருக்கக்கூடிய செய்தி அல்ல. ஒதுக்கீட்டுக் கணக்கில் எண்ணாகவே வரும். அத்தகைய மிகைச் செலவைப் பேரவையே முறைப்படுத்த வேண்டும் என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. அந்த எண்ணைக் கண்டவுடன் ‘ஏன்’ என்று அவை கேட்டிருந்தால் களவு இத்தனை ஆண்டுகள் நீண்டிருக்காது.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. அரசு நிறுவனங்கள் தாமே கடன் வாங்கிப் பணிகளை ஒப்பந்தம் விடும்போது, அச்செலவு மானியக் கோரிக்கைக்குள் வருவதே இல்லை. கேரளத்தின் உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் வாங்கிய கடன்களை இந்தக் காரணத்தால் தணிக்கை அறிக்கை குறை கூறியபோது, அந்தப் பத்திகளை நிராகரித்து 2021 ஜனவரியில் கேரளப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. மாநில அரசின் தரப்பில் வாதங்கள் இருந்தன. அவற்றைப் பொதுக் கணக்குக் குழுவின் முன் வைத்து விசாரித்திருக்கலாம். பெரும்பான்மை வாக்கைக் கொண்டு தணிக்கைப் பத்தியை நீக்குவது தவறான முன்னுதாரணம் என்றே நான் கருதுகிறேன். அதே கேரளம்தான் 1980இலேயே துறைவாரியான குழுக்களை அமைத்து, மானியக் கோரிக்கைகளை வாக்கெடுப்புக்கு முன்பே அவற்றின் பரிசீலனைக்கு அனுப்பி, நாடாளுமன்றம் 1993இல் நிலைக்குழுக்களைத் தொடங்குவதற்கு முன்னரே வழிகாட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தங்களைப் பேரவையே முடிவு செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. அது நிர்வாகத்தின் வேலை. ஆனால் ஒப்பந்தப்புள்ளி கோராமல் அளிக்கப்பட்ட ஒவ்வொரு விலக்கையும், குறைக்கப்பட்ட ஒவ்வொரு அவகாசத்தையும், மூல மதிப்பிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்த ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் காரணத்தோடு பட்டியலிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரவையில் வைப்பதற்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். இதனால் பணிகள் தாமதமாகும் என்ற அச்சமும் தேவையற்றது. பணி ஆணை வழங்கிய பின் தரும் விவரம் எந்தப் பணியையும் நிறுத்தாது. தணிக்கை அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து, அவை கூட்டத்தில் இருந்தால் ஒரு வாரத்துக்குள்ளும், இல்லையென்றால் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலும் அதை மேசையில் வைக்க வேண்டும் என்பதைப் பேரவை விதியாகவே எழுதிக்கொள்ளலாம். அத்துடன் குழு உறுப்பினர்களுக்குக் கணக்கும் பொறியியலும் அறிந்த சிலரைப் பேரவைச் செயலகமே நியமித்துத் தர வேண்டும். அளவுப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், உறுப்பினர் கேட்கும் கேள்விக்குச் செயலாளர் பொதுவான பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது.