சாப்பாடு இருந்தால் நீளாத கைகள்

(திரையில்: கரும்பின்னணியில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சின்ன உயிர்.)

இது ஒரு கடல் முள்ளெலியின் குட்டி. முட்கள் சிலிர்க்கப் பாறையில் ஒட்டிக்கிடக்குமே, அதேதான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த லார்வாவுக்கு ப்ளூட்டியஸ் என்று பெயர். தாய் முட்டைகளைக் கடலில் விட்டதோடு சரி. அப்புறம் வாரக்கணக்கில் நீரோட்டம் போன பக்கமெல்லாம் மிதந்துகொண்டே, தன் சாப்பாட்டைத் தானே பிடிக்க வேண்டும்.

(திரையில்: லார்வாவின் உடலிலிருந்து நீண்டிருக்கும் ஒரு கையின் நுனி, மிக நெருக்கத்தில்.)

உள்ளே தெரியும் குச்சி, கால்சைட் எனும் சுண்ணாம்புப் பொருளால் ஆன எலும்புபோன்ற தாங்கி. கையின் ஓரமாக ஓடும் பட்டையைப் பாருங்கள். அதில் சிலியா எனும் நுண்மயிர்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கின்றன. ஒற்றைச் செல் பாசி ஒன்று பக்கத்தில் வந்ததும், அந்த இடத்து மயிர்கள் மட்டும் சட்டென்று எதிர்ப்பக்கம் அடிக்கின்றன. பாசி சிக்கிவிட்டது! கை நீண்டால் இந்தப் பட்டையும் நீளும். கூடுதல் தண்ணீரைச் சலிக்கலாம்.

(திரையில்: இரண்டு லார்வாக்கள், அருகருகே.)

இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். பாசி குறைந்த நீரில் வளர்ந்ததற்குக் கை நீளம், வயிறு சிறிது. பாசி மண்டிய நீரில் வளர்ந்ததற்குக் கை குட்டை, வயிறு பெரிது. எல்லா இனங்களிலும் இப்படி நடப்பதில்லை. ஆனால் பசிபிக் சிப்பியின் லார்வாவிலும் இதே போக்கு உண்டு: இரை குறைந்தால், அதன் சிலியா படர்ந்த மடல் பெரிதாகிறது.

பசிதான் கையை நீட்டுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஊதாக் கடல் முள்ளெலியை வைத்து 2011-இல் வெளியான ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. அந்த லார்வா சாப்பிடத் தொடங்கும் முன்பே, நீரில் பாசி இருப்பதை உணர்ந்துவிடுகிறது. உடனே டோபமைன் எனும் வேதிப்பொருள் வேலை செய்கிறது. நம் மூளையில் இருக்கும் அதே டோபமைன்! கைக்குச் சுண்ணாம்புக் குச்சி கட்டும் செல்களுக்கு அது சொல்லும் செய்தி, "போதும், நிறுத்து." பாசி இல்லையென்றால் இந்தத் தடையும் இல்லை, கை தன் முழு நீளத்துக்கு வளர்கிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம். மூளை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத உயிர், இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, அதற்குள் தன் உடலின் அளவைத் திருத்திக்கொள்கிறது.

சரி, கையைக் குறைப்பதில் என்ன லாபம்? கை வளர்க்கச் செலவாகும். தாய் முட்டையில் வைத்து அனுப்பிய கொழுப்புதான் ஆரம்பக் கையிருப்பு. சுற்றிலும் இரை இருக்கும்போது அதைக் கைக்குச் செலவழிக்காமல் சேமிக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

(திரையில்: வயிற்றின் இடப்பக்கம், ஒரு சின்ன மொட்டு.)

இந்த மொட்டுதான் வருங்கால முள்ளெலி. நன்றாகச் சாப்பிட்ட லார்வாவில் இது சீக்கிரமே உருவாகிறது. கடலடியில் இறங்கும் நாளில் அந்தக் கைகள் சுருங்கிவிடும். குழாய்க்கால்களும் முதல் முட்களும் வெளியே வரும்.