திறப்பதற்கு ஒரு திட்டம், மூடுவதற்கு ஒரு விதி: பெருந்தொற்றில் நியூயார்க் பள்ளிகள்

[காட்சி: நியூயார்க் நகர வரைபடம். ஐந்து பகுதிகளிலும் பள்ளிகளைக் காட்டும் புள்ளிகள். திரையில்: மார்ச் 15, 2020]

குரல்:
ஞாயிற்றுக்கிழமை. கொரோனா பரவலால் திங்கள் முதல் அரசுப் பள்ளிகள் எல்லாம் மூடல் என்று நியூயார்க் மேயர் பில் டி பிளாசியோ அறிவிக்கிறார். அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி மாவட்டம் இது. பள்ளி மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் மாதிரி அல்ல, பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம். அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளையும் சேர்த்தால் அப்போது சுமார் 1,800 பள்ளிகள், 11 லட்சம் மாணவர்கள்.

மூடுவதற்கு ஒரு அறிவிப்பு போதுமாக இருந்தது. திறக்கும் தேதியோ செப்டம்பர் 10 என்று இருந்து 21-க்குத் தள்ளிப்போனது. பிறகு அதுவும் மூன்றாக உடைந்தது: மழலையர் வகுப்புகளும் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் பள்ளிகளும் 21-ஆம் தேதி, தொடக்கப் பள்ளிகள் 29-ஆம் தேதி, நடுநிலையும் உயர்நிலையும் அக்டோபர் 1. இவ்வளவு பாடுபட்டுத் திறந்ததை நவம்பர் 19-ஆம் தேதி மறுபடி மூடினார்கள்.

எங்கே இடித்தது? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

[காட்சி: மேலிருந்து பார்க்கும் வகுப்பறை வரைபடம். 30 மேசைகள். ஒவ்வொன்றாக மறைகின்றன.]

குரல்:
முதல் கணக்கு, இடம். மாணவர்களுக்கு நடுவே 6 அடி இடைவெளி வேண்டும். ஒரு ஆளுக்கு 6-க்கு 6, அதாவது 36 சதுர அடி போதும் என்று தோன்றும். அறையில் கட்டம் போட்டு நாற்காலி மட்டும் வைத்தால் போதும்தான். ஆனால் ஆசிரியர் மேசை, அலமாரி, சுவரோரம் இருக்கும் ஹீட்டர், கதவு வரை நடக்கும் வழி இதெல்லாம் எங்கே போகும்? அதனால் நியூயார்க் கல்வித் துறை ஒரு ஆளுக்கு 65 சதுர அடி என்று வைத்துக்கொண்டது.

750 சதுர அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 65-ஆல் வகுத்தால் 11 பேர். ஆசிரியரும் அதில் ஒருவர், ஆக மாணவர்கள் 10. உதவி ஆசிரியர் இருந்தால் 9. ஜூலை 8-ஆம் தேதி திட்டத்தை அறிவித்தபோது ஒரு வகுப்பறைக்கு 9 முதல் 12 மாணவர்கள் என்று நகரம் சொன்னதும் இந்தக் கணக்குதான்.

30 பேர் படிக்கும் வகுப்பில் 10 பேர்தான் உட்கார முடியும் என்றால் மூன்று குழு. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று குழு. ஒரு குழந்தைக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம் ஒரு நாள், மற்ற இரண்டு வாரமும் இரண்டிரண்டு நாள். மீதி நாட்கள் வீட்டில், திரை முன்னால். இதற்குத்தான் கலப்பு முறை என்று பெயர். எந்தப் பெற்றோரும் தன் குழந்தையை முழுக்க இணையவழியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பும் கொடுத்தார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: பள்ளியின் மொத்தப் பரப்பளவை எடுத்து 65-ஆல் வகுப்பது. ஜிம், ஆடிட்டோரியம், நூலகம் எல்லாம் அதில் சேர்ந்து பெரிய எண்ணாக வரும். ஆடிட்டோரியத்தில் 40 பேரை உட்கார வைக்கலாம்தான், ஆனால் அங்கே அவர்களுக்கு யார் பாடம் நடத்துவது? கணக்கை அறை அறையாகத்தான் போட வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் எதிரே ஒரு ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும்.

[காட்சி: மூன்று வகுப்பறைகள், கீழே மூன்று ஆசிரியர் உருவங்கள். கணக்கு நகர நகர உருவங்கள் கூடுகின்றன.]

குரல்:
இரண்டாவது கணக்கு, ஆசிரியர்கள். திட்டம் உண்மையில் உடைந்தது இங்கேதான் என்பது எங்கள் கருத்து. கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம்.

நான்காம் வகுப்பில் மூன்று பிரிவு, பிரிவுக்கு 30 பேர். மொத்தம் 90 மாணவர்கள், 3 ஆசிரியர்கள். சாதாரண ஆண்டில் கதை இத்தோடு முடிந்தது.

இப்போது மூன்றில் ஒரு பங்குப் பெற்றோர் முழு இணையவழி கேட்கிறார்கள். 30 பேர் போய்விட்டார்கள், அவர்களுக்கு 1 ஆசிரியர். மீதி 60 பேர், பிரிவுக்கு 20, அறைக்கு 10 என்று இரண்டு குழு. மூன்று அறைகளுக்கும் 3 ஆசிரியர்கள். சரி, முதல் குழு அறையில் இருக்கும்போது இரண்டாவது குழு வீட்டில் என்ன செய்யும்? அந்த 30 பேருக்கும் திரையில் ஒருவர் வேண்டும். அது 1. மொத்தம் 5.

வகுப்பறையில் இருப்பவரே அதே நேரத்தில் கேமராவைப் பார்த்தும் பாடம் நடத்தட்டும் என்று சில மாவட்டங்கள் முடிவு செய்தன. நியூயார்க்கில் ஆசிரியர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை. சங்கம் சொன்னதில் நியாயம் இருந்தது. எதிரே பத்துப் பிள்ளைகள், திரையில் பத்துப் பிள்ளைகள், ஒரு மைக். இரண்டு பக்கமும் பாதிப் பாடம்தான் போய்ச் சேரும்.

[திரையில்: 3 → 5 → 6]

அடுத்து நடந்ததைத்தான் பலர் எதிர்பார்க்கவில்லை. முழு இணையவழி கேட்டவர்கள் ஆகஸ்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பள்ளி திறக்கும் சமயத்தில் பாதியை நெருங்கிவிட்டார்கள். பள்ளிக்கு வரும் பிள்ளைகள் குறைந்தால் சுமையும் குறையும் என்றுதானே நினைப்போம்? நம் நான்காம் வகுப்பிலேயே போட்டுப் பாருங்கள். 45 பேர் முழு இணையவழி என்றால் அவர்களுக்கு 2 ஆசிரியர்கள். மீதி 45 பேர், பிரிவுக்கு 15. அறையில் 10 பேருக்குத்தான் இடம் என்பதால் அப்போதும் இரண்டு குழுதான். அறைகளுக்கு 3, வீட்டில் இருக்கும் குழுவுக்கு 1. மொத்தம் 6. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் குறைந்தார்கள், தேவைப்படும் ஆசிரியர்கள் கூடினார்கள். பிரிவுகளைக் கலைத்து மறுபடி அமைத்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் பெற்றோர் வாரா வாரம் மனம் மாறிக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை கலைப்பது?

இதற்கு மேல், உடல்நலக் காரணம் காட்டி வீட்டிலிருந்தே பணியாற்ற அனுமதி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களை இணையவழி வகுப்புக்குப் போடலாம், அறைக்குப் போட முடியாது. மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தும் அறையில் ஆள் இல்லாத நிலை இப்படித்தான் வருகிறது. எனவே பட்டியலில் "ஆசிரியர்கள்: இத்தனை" என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். அறைக்கு வரக்கூடியவர், வர முடியாதவர் என்று இரண்டு கட்டம் வேண்டும்.

செப்டம்பர் நடுவில் 2,000 கூடுதல் ஆசிரியர்கள் என்றது நகரம். சில நாளில் இன்னும் 2,500 என்றது. 10,000 பேராவது வேண்டும் என்று சங்கத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. தேதி மூன்றாக உடைந்ததும் அந்த வாரத்தில்தான். மாற்று ஆசிரியர்களையும், தலைமை அலுவலகத்தில் ஆசிரியர் உரிமத்தோடு வேறு வேலை பார்த்தவர்களையும் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். தொடக்கப் பள்ளியில் இது ஓரளவு ஓடும். உயர்நிலைப் பள்ளியில் வேதியியலுக்கு யாரை அனுப்புவது? பல உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்கள் முகக்கவசத்தோடு வகுப்பில் உட்கார்ந்து, லேப்டாப்பில் வேறொரு இடத்தில் இருக்கும் ஆசிரியரின் ஜூம் வகுப்பைப் பார்த்தார்கள்.

[காட்சி: சுவரின் மேல்பகுதியில் காற்று வெளியேறும் கிரில். ஒரு குச்சியின் நுனியில் டாய்லெட் பேப்பர் துண்டு. கிரில் பக்கமாக இழுபடுகிறது.]

குரல்:
மூன்றாவது, காற்று. இந்தக் காட்சி கற்பனை அல்ல. 2020 கோடையில் நியூயார்க் வகுப்பறைகளைச் சோதித்தவர்கள் குச்சியில் டாய்லெட் பேப்பரைக் கட்டி கிரில் அருகே பிடித்தார்கள். படம் வெளியானதும் ஊரே சிரித்தது. அந்தச் சோதனை ஒன்றும் முட்டாள்தனமல்ல. விசிறி ஓடுகிறதா, காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை அது நொடியில் காட்டிவிடும். எவ்வளவு போகிறது என்பதைத்தான் காட்டாது. அதற்குக் காற்றின் வேகம் அளக்கும் கருவி வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? அதே 750 சதுர அடி அறை, கூரை 12 அடி உயரம். கன அளவு 9,000 கன அடி. அறையின் காற்று மணிக்கு 5 முறை மாற வேண்டும் என்று வைத்தால் மணிக்கு 45,000, நிமிடத்துக்கு 750 கன அடி. கிரில் வழியாக 250 மட்டுமே வெளியேறுகிறது என்றால் மீதி 500-க்கு ஜன்னலைத் திறக்க வேண்டும், அல்லது நிமிடத்துக்கு 250 கன அடி சுத்தம் செய்யும், நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டிக் கருவி இரண்டு வைக்க வேண்டும். கருவி வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண் எந்த வேகத்துக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் அது உச்ச வேகத்தில் அளந்தது. உச்ச வேகத்தில் வரும் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது, ஆசிரியர் குறைத்துவிடுவார், கணக்கும் பாதியாகிவிடும். பெரிய கருவியை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். மத்தியக் காற்றோட்ட அமைப்பு உள்ள கட்டடங்களில் மெர்வ்-13 தர வடிகட்டியைப் போடச் சொன்னார்கள். மெர்வ் என்பது வடிகட்டியின் திறனைக் காட்டும் அளவுகோல், எண் கூடக் கூட நுண்ணிய துகள்களையும் பிடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் பழைய விசிறி, அடர்த்தியான வடிகட்டியை எதிர்த்துக் காற்றைத் தள்ளத் திணறும். வடிகட்டி சுத்தமாகத்தான் வடிகட்டும், அறைக்கு வரும் காற்று குறைந்துபோகும். மாற்றிய பிறகு காற்றின் அளவை மறுபடி எடுக்காவிட்டால் இது தெரியவே தெரியாது.

மேசை துடைப்பதற்கும் இரவில் மருந்து தெளிப்பதற்கும் செலவான உழைப்பைப் பற்றி ஒரு வரி போதும்: பரப்புகளைத் தொட்டு இந்த நோய் தொற்றும் ஆபத்து குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

[காட்சி: பழைய கறுப்பு-வெள்ளைப் படம். திறந்த ஜன்னல்கள், கோட்டு போட்ட பிள்ளைகள்.]

ஜன்னலைத் திறப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. காசநோய்க்காகத் திறந்தவெளி வகுப்புகள் நடத்திய நகரம் இது. 1918 ஃப்ளூ காலத்தில் பல ஊர்கள் பள்ளிகளை மூடியபோது, சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட் நியூயார்க் பள்ளிகளைத் திறந்தே வைத்தார். நெருக்கடியான வாடகைக் குடியிருப்பைவிட, நர்ஸ் வந்து தினமும் பார்க்கும் பள்ளி மேல் என்பது அவர் வாதம்.

[காட்சி: பரிசோதனைக் குச்சிகள். பிறகு பூட்டிய பள்ளி வாசல்.]

குரல்:
கடைசியாக, எப்போது மூடுவது. 2020 செப்டம்பரில் இருந்த விதி இது. ஒருவருக்குத் தொற்று என்றால் அந்த வகுப்பை மூடு. வெவ்வேறு வகுப்புகளில் இருவருக்குத் தொற்று வந்து, அது எப்படி வந்தது என்ற தொடர்பு தெரியவில்லை என்றால் கட்டடத்தையே 14 நாள் மூடு. நகரம் முழுவதும் ஏழு நாள் சராசரியில் பரிசோதனை செய்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத் தொற்று என்றால் எல்லாப் பள்ளிகளையும் மூடு.

இருவர் விதி கேட்க நியாயமாக இருக்கும். 600 பேர் உள்ள பள்ளியில் போட்டுப் பார்ப்போம். ஊரில் ஆயிரத்துக்கு 2 பேருக்குத் தொற்று. பள்ளிக்குள் யாரும் யாருக்கும் பரப்பவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் பரிசோதித்தால் இரண்டோ அதற்கு மேலோ தொற்று கிடைக்கும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பரிசோதித்தால் 2.5 சதவீதம். அதாவது எந்தப் பள்ளி ஒழுங்காக அதிகம் பரிசோதிக்கிறதோ அதுதான் அதிகம் மூடும். கட்டடத்துக்குள் தொற்று பரவுகிறதா என்று கேட்க வந்த விதி, ஊரில் எவ்வளவு தொற்று இருக்கிறது என்பதை அளந்துகொண்டிருந்தது. 2021 ஏப்ரலில் இதை மாற்றினார்கள்: ஏழு நாளுக்குள் வெவ்வேறு வகுப்புகளில் நான்கு பேர், அதுவும் பள்ளிக்குள்ளேயே தொற்றியதாகத் தெரிந்தால் மூடல்.

3 சதவீத விதி இன்னும் சங்கடமானது. நவம்பர் 18-ஆம் தேதி நகரச் சராசரி சரியாக 3-ஐத் தொட்டது, மறுநாள் பள்ளிகள் மூடல். பள்ளிகளுக்குள் எடுத்த மாதிரிகளிலோ தொற்று அரை சதவீதத்துக்கும் வெகு கீழே இருந்தது. உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது அன்றைக்கும் அனுமதியில் இருந்தது. கோடையில் தொற்று அடங்கியிருந்தபோது 3 என்பது எட்டாத தூரத்தில் தெரிந்த எண். பெற்றோருக்கும் சங்கத்துக்கும் நம்பிக்கை தர அதை வாக்குறுதியாகக் கொடுத்துவிட்டார்கள். எந்த எண்ணுக்கு வந்தால் மறுபடி திறப்போம் என்பதை மட்டும் எழுதி வைக்கவில்லை. பத்தே நாளில், நவம்பர் 29-ஆம் தேதி, விதியையே கைவிட வேண்டியதாயிற்று.

[திரையில் வரிசையாக: டிசம்பர் 7 – மழலையர், தொடக்கப் பள்ளி | பிப்ரவரி 25 – நடுநிலை | மார்ச் 22 – உயர்நிலை]

குரல்:
டிசம்பரில் திறந்தபோது மாதம் ஒரு முறை இருந்த பரிசோதனை வாரம் ஒரு முறை ஆனது, ஒவ்வொரு பள்ளியிலும் 20 சதவீதம் பேருக்கு. பெற்றோரின் சம்மதப் படிவம் இல்லாமல் பிள்ளை பள்ளிக்கு வர முடியாது என்றார்கள். முதல் சுற்றில் படிவம் விருப்பத்துக்கு விட்டிருந்தது, அதனால் படிவம் கொடுத்தவர்களுக்குள்தான் மாதிரியே எடுக்க முடிந்தது. வரக்கூடிய பிள்ளைகள் குறைவாக இருந்த தொடக்கப் பள்ளிகளில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லவும் முடிந்தது.

2021 மார்ச் 19-ஆம் தேதி நோய்க் கட்டுப்பாட்டு மையம் பெரும்பாலான வகுப்பறைகளுக்கு 6 அடியை 3 அடியாகக் குறைத்தது. நம் 750 சதுர அடி அறையில் இடப் பிரச்சினை கிட்டத்தட்ட அத்தோடு தீர்ந்தது. ஆசிரியர் பிரச்சினை தீரவில்லை, இணையவழிப் பிள்ளைகள் இருக்கும் வரை அவர்களுக்குத் தனி ஆசிரியர் வேண்டுமே. வரும் கல்வியாண்டில் இணையவழி வாய்ப்பே கிடையாது என்று மே 24-ஆம் தேதி மேயர் அறிவித்தார். செப்டம்பர் 13-ஆம் தேதி பள்ளி திறந்தபோது நான்காம் வகுப்பின் 90 பிள்ளைகளுக்கு மறுபடி 3 ஆசிரியர்கள்.