வேலூர் பாறைச் சூட்டுல தெர்மல் ட்ரோன்: ஆள் எப்ப தெரியும், எப்ப தெரியாது

வணக்கம் மக்களே. இன்னிக்கு தெர்மல் கேமரா மாட்டின ட்ரோன் பத்தி பேசப்போறோம். காணாமப் போனவங்களைத் தேட, வெள்ளத்துல மாட்டினவங்களை மீட்க, ராத்திரி காவலுக்குன்னு இதை எப்படிப் பயன்படுத்தறது, எங்க கை விட்டுடும், அதுதான் விஷயம்.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துப் போட்டுடலாம். இது சுவத்துக்குப் பின்னாடி இருக்கிறவங்களைக் காட்டாது. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்கூட காட்டாது. இந்தக் கேமரா 8-லேருந்து 14 மைக்ரான் வரைக்குமான வெப்பக் கதிரைத்தான் வாங்கும், சாதாரணக் கண்ணாடி அதைத் தடுத்துடும். அதனாலதான் இதோட லென்ஸையே ஜெர்மானியத்துல செய்யறாங்க. கேமராவுக்குத் தெரியறது மேல்பரப்போட சூடு மட்டும்தான். இன்னும் சரியா சொன்னா, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பரப்புக்கு நடுவுல உள்ள சூட்டு வித்தியாசம். வித்தியாசம் இல்லன்னா நடு வெட்டவெளியில நிக்கிற ஆளும் தெரியமாட்டார்.

இதை மனசுல வச்சிக்கிட்டு நம்ம ஊரைப் பாருங்க. வேலூரைப் பத்தி ஒரு பழைய பேச்சு உண்டு இல்லையா, மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறுன்னு? தெர்மல் வேலைக்கு இந்த ரெண்டும் ரெண்டு வேற உலகம்.

மலையை எடுத்துக்கங்க. மொட்டைப் பாறை. சித்திரை, வைகாசி வெயில்ல மத்தியானம் பாறை 50 டிகிரியைத் தாண்டும். மனுஷன் தோல் 33, 34 டிகிரி. அப்ப ஆள் பாறையை விடக் குளிர்ச்சி. சூடானதை வெள்ளையா காட்டற ஒயிட் ஹாட் மோடு வச்சிருந்தா, வெள்ளையா தெரியற பாறை மேல கறுப்புப் புள்ளியா தெரிவார். நிறைய பேர் வெள்ளைப் புள்ளியையே தேடிக்கிட்டு இவரைத் தாண்டிப் போயிடறாங்க. பொழுது சாய்ஞ்சதும் பாறை மெதுவா ஆறும். ஆறிக்கிட்டே வரும்போது ஒரு நேரத்துல பாறையும் தோலும் ஒரே சூட்டுக்கு வந்துடும். கோடையில அது ராத்திரி 9, 10 மணி வரைக்கும்கூட இழுக்கும். அந்த நேரத்துல எவ்வளவு விலை கொடுத்து வாங்கின கேமராவும் உதவாது. 0.05 டிகிரி வித்தியாசத்தைப் பிரிக்கிற சென்சார்தான், ஆனா சுத்தி இருக்கிற நூறு உருண்டைப் பாறையும் அதே சூட்டுல உக்காந்திருக்கே! விடியக்காலம் 3 மணிக்கு மேல பாறை நல்லா ஆறியிருக்கும். அப்பதான் ஆள் தனியா பளிச்சுனு தெரிவார். 3-லேருந்து சூரியன் வர்ற வரைக்கும், மலைத் தேடலுக்கு அதுதான் பொன்னான நேரம். வெயில் ஏற ஏற, காலையில இன்னொரு தடவை அதே குழப்பம் வரும்.

பாலாறு வேற மாதிரி. காஞ்ச மணல் சூட்டைப் பிடிச்சு வைக்காது, சீக்கிரமே விட்டுடும். அதனால ஆத்துல ராத்திரி 8, 9 மணிக்கே தேட ஆரம்பிக்கலாம். ஒரே ராத்திரி, ஒரே ட்ரோன், ஆத்துக்கும் மலைக்கும் தனித்தனி மணிக்கணக்கு. தேட வேண்டிய இடம் ரெண்டும் சேர்ந்திருந்தா முதல்ல மணல், அப்புறம் புதர், கடைசியா பாறைன்னு வரிசை போடுங்க.

அதுக்காக விடியக்காலம் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரக்கூடாது. வெளிச்சம் இருக்கும்போது ஜூம் கேமரா, ஸ்பீக்கர். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு ஒரு நிமிஷம் ட்ரோனைத் தூரமா கொண்டுபோய் நிறுத்துங்க. கீழ நின்னு தேடற நம்ம ஆளுங்க காதுக்கு பதில் குரல் எட்டணும் இல்லையா?

இப்ப உயரக் கணக்கு. இதை நோட்டுல எழுதிக்கங்க. பரவலா கிடைக்கிற கேமரா 640-க்கு 512 பிக்சல், பிக்சல் அளவு 12 மைக்ரான், லென்ஸ் 9 மில்லிமீட்டர் சுமாருக்கு. இதை 60 மீட்டர் உயரத்துல வச்சா தரையில ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர். தோள் அகலம் அரை மீட்டர்னா ஆறு பிக்சல் விழும். 120 மீட்டருக்குப் போனா மூணே பிக்சல். ஏதோ இருக்குன்னு தெரிய ரெண்டு பிக்சல் போதும். ஆடா மனுஷனான்னு பிரிக்க குறைஞ்சது எட்டு பிக்சல் வேணும். அதனால 60-ல தேடுங்க, சந்தேகம்னா 30-க்கு இறங்குங்க. விலை குறைஞ்ச 256-க்கு 192 சென்சாரா இருந்தா இந்தக் கணக்கு அடியோட மாறிடும், பாதி உயரத்துக்குக் கீழ பறக்கணும்.

60 மீட்டர்ல படத்தோட அகலம் தரையில 50 மீட்டர் வரும். ஏர் உழற மாதிரி போய்த் திரும்பி வரணும், சாலுக்குச் சால் 35 மீட்டர் இடைவெளி. வேகம் செகண்டுக்கு 5 மீட்டர். அதுக்கு மேல போனா படம் இழுத்துக்கும், ஏன்னா இந்த சென்சார் சூட்டை உணர்றதுக்கே செகண்டுல நூத்துல ஒரு பங்கு எடுக்குது. இப்படிப் போனா நிமிஷத்துக்கு ரெண்டரை ஏக்கர். திரும்பற நேரம் எல்லாம் கழிச்சா ஒரு பேட்டரிக்கு 40 ஏக்கர்னு வைங்க. ஜவ்வாது மலைன்னு பொத்தாம் பொதுவா சொன்னா ஆயுசுக்கும் தேடலாம். கடைசியா போன் சிக்னல் எங்க, பைக் எங்க நிக்குது, எந்த ஓடைப் பக்கம் போறேன்னு சொன்னாரு, இதைக் கேட்டு இடத்தைச் சுருக்கினாத்தான் ட்ரோன் பிரயோஜனப்படும்.

மலையில ரொம்ப முக்கியமான ஒண்ணு. ரிமோட்ல காட்டற உயரம் நீங்க கிளப்பின இடத்துலேருந்து. அடிவாரத்துல கிளப்பி 60-ன்னு வச்சிட்டு மலைப் பக்கம் ஓட்டினா நேரா பாறையில போய் மோதும். தரை ஏற ஏற ட்ரோனும் கூடவே ஏறற டெரெய்ன் ஃபாலோ மோடு போடுங்க, இல்லன்னா மேட்டுல நின்னு கிளப்புங்க. திரும்பி வர்ற உயரத்தை, ரிட்டர்ன் டு ஹோம் சொல்றேன், அங்க இருக்கிறதுலயே உயரமான பாறைக்கும் டவருக்கும் மேல வைங்க. கரண்ட் கம்பி தெர்மல்ல தெரியாது, ரொம்ப மெல்லிசு. பகல்லயே ஒருதரம் நடந்து பாத்து, கம்பி போற வழியை மேப்ல குறிச்சி வைங்க.

கேமராவைக் கிளம்பறதுக்கு 5, 10 நிமிஷம் முன்னாடியே ஆன் பண்ணி வைங்க, சூடு நிலைக்கு வரணும். நடுவுல டிக்குனு சத்தம் வந்து படம் ஒரு நொடி நிக்கும். அது ரிப்பேர் இல்ல, ஷட்டர் மூடி சென்சார் தன்னைச் சரி பண்ணிக்குது. தேடலுக்கு ஹை கெயின், அதாவது சின்ன சூட்டு வித்தியாசத்தையும் காட்டற செட்டிங். கலர் வேண்டாம், ஒயிட் ஹாட்டும், சூடானதைக் கறுப்பா காட்டற பிளாக் ஹாட்டும் மாத்தி மாத்திப் பாருங்க. வானவில் மாதிரி கலர் வச்சா பாக்க அழகா இருக்கும், கண்ணு சீக்கிரம் சோர்ந்துடும். ஓட்டறவர் ஒருத்தர், ஸ்கிரீன் பாக்கறவர் ஒருத்தர். பாக்கறவரை 20 நிமிஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க.

சூடான புள்ளி கிடைச்சா? ஆடு, மாடு, நாய், சூடு ஆறாத பாறை, சின்டெக்ஸ் டேங்க், எதுவா வேணா இருக்கலாம். மேலேயே நின்னு ரெண்டு கோணத்துல பாருங்க. கேமராவை நேர் கீழ 90 டிகிரி திருப்பி, புள்ளி நடுவுல வர்ற மாதிரி நிறுத்தினா ட்ரோனோட ஜிபிஎஸ்தான் அந்த இடத்தோட ஜிபிஎஸ். அந்த எண்ணை 112-க்கோ 101-க்கோ சொல்லும்போது தசம டிகிரியில சொல்லுங்க. நிமிஷம், செகண்டுன்னு கலந்தா கிலோமீட்டர் கணக்குல தப்பான இடத்துக்குப் போயிடுவாங்க.

வெள்ளத்துக்கு வரலாம். 2021 நவம்பர்ல பாலாறு கரை தளும்ப ஓடினதைப் பாத்தோம். தண்ணியில நிக்கிறவங்களுக்குத் தலை மட்டும்தான் வெளிய இருக்கும், 20 சென்டிமீட்டர். அதுக்கு 30 மீட்டருக்கு மேல பறக்கவே கூடாது. நனைஞ்ச துணி தண்ணி சூட்டுக்கே வந்துடும், முகமும் கழுத்தும்தான் காட்டிக்கொடுக்கும். தண்ணிக்குள்ள முழுகினவங்க தெரியவே மாட்டாங்க, ஒரு சென்டிமீட்டர் கீழன்னாலும். கிணத்துக்கும் இதேதான். மண்ணுக்கும் இதேதான்: 2024 டிசம்பர் தொடக்கத்துல திருவண்ணாமலை மலையடிவாரத்துல மண் சரிஞ்சி வீட்டை மூடி 7 பேரை இழந்தோம். அந்த மாதிரி புதைஞ்ச இடத்துல தெர்மல் எதையும் காட்டாது, மோப்ப நாயும் ஆள் பலமும்தான் வேணும். ட்ரோனுக்கு அங்க வேற வேலை இருக்கு, மேல இன்னும் சரிய இருக்கிற பாறையைப் பகல் வெளிச்சத்துல கண்காணிக்கலாம்.

தீ விபத்து. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷெட்டுங்க, குப்பைக் கிடங்கு, இங்கெல்லாம் புகையைத் தாண்டி தெர்மல் நல்லாவே பாக்கும். ரொம்ப அதிக சூட்டையும் அளக்கற லோ கெயினுக்கு மாத்திடுங்க, இல்லன்னா எல்லாம் ஒரே வெள்ளையாயிடும். பளபளன்னு இருக்கிற புது ஜிஐ ஷீட்தான் ஏமாத்தும். அது தன் சூட்டைக் காட்டாது, வானத்தைப் பிரதிபலிக்கும், வானம் குளிர்ச்சி. உள்ள எரிஞ்சாலும் மேல கறுப்பா தெரியும். அதை நம்பி ஒருத்தரைக் கூரை மேல ஏத்தினா உயிர் போயிடும். துருப்பிடிச்ச ஷீட், பெயிண்ட் அடிச்ச பகுதி, ஓட்டை வழியா வர்ற காத்து, இதைப் பாத்து முடிவு பண்ணுங்க.

காவலுக்கு, சிப்காட் மாதிரி பெரிய காம்பவுண்டுக்கு, சும்மா ராத்திரி பூரா சுத்தவிடறது என் கணக்குல வீண். பேட்டரி அரை மணி நேரம் வரும், அது சுத்தற நேரம் எல்லாருக்கும் பழகிடும். வேலியில அலாரம் அடிச்சதும் கிளப்பறதுதான் சரி. நின்ன வண்டியில பானெட் சூட்டைப் பாத்தா இப்ப ஓடி வந்ததான்னு தெரியும். ஆள் படுத்திருந்து எழுந்து போன தரையில சூட்டுத் தடம் கொஞ்ச நேரம் இருக்கும். ஆனா ஊருக்குள்ள போகும்போது ஞாபகம் வைங்க, கோடையில நம்ம ஜனங்க மொட்டை மாடியிலதான் படுப்பாங்க. அங்க நின்னு பாக்கறது தப்பு. ரெக்கார்டிங்கை நிறுத்திட்டு நேரா தாண்டிப் போங்க.

பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரக் காட்டுலேருந்து யானை இறங்கும். தெர்மல்ல யானை அருமையா தெரியும். ஆனா ட்ரோன் சத்தத்துக்கு மிரண்டு ஓடும், எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியாது. வனத்துறை கூப்பிட்டாத்தான், அதுவும் உயரத்துலேருந்துதான்.

சட்டம் சுருக்கமா. 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராமுக்கு மேல உள்ளதுக்குப் பதிவு எண் வேணும், இந்த மாதிரி வேலைக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும், முன் அனுமதி இல்லாம பறக்கலாம்னு மேப்ல குறிச்சிருக்கிற பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் பறக்கலாம். அரக்கோணத்துல ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கு, அந்தச் சுத்துவட்டாரத்துல எங்க பறக்கலாம்னு காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப் பாக்காம எதையும் கிளப்பாதீங்க. அதே அரக்கோணத்துலதான் தேசியப் பேரிடர் மீட்புப் படையோட 4-வது பட்டாலியனும் இருக்கு. அவங்களோ தீயணைப்புத் துறையோ களத்துல இருந்தா அவங்க சொல்றப்பதான் உங்க ட்ரோன் மேல போகணும். ஹெலிகாப்டர் வந்தா உடனே தரைக்கு.

கடைசியா பேட்டரி. நம்ம ஊர் வெயில்ல இறங்கின பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீங்க, உப்பிடும். நிழல்ல வச்சி, கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறின பிறகு போடுங்க. தேடலுக்குக் குறைஞ்சது ஆறு பேட்டரி, ஒரு ஜெனரேட்டர்.

கமெண்ட்ல கேள்வி கேக்கறவங்க சென்சார் பிக்சல், லென்ஸ், பறக்கிற உயரம் மூணையும் எழுதுங்க. உங்க கேமராவுக்குத் தரையில எத்தனை சென்டிமீட்டர்னு கணக்குப் போட்டு பதில் போடறேன்.