துரை ஏன் பாக்ஸ் பக்கமே போகமாட்டேங்குறாரு? 2800 ரூபா பாக்ஸ் வெர்சஸ் 320 ரூபா டப்

வணக்கம் மக்களே, இன்னிக்கு தலை கூட வாரல, பாத்ரூம் மேட்ட மறுபடியும் துவைச்சுப் போட்டுட்டு நேரா வந்து உக்காந்துருக்கேன். போன வீடியோல எனக்குப் பின்னாடி வெள்ளையா கூடு மாதிரி ஒண்ணு தெரிஞ்சுதே, அது என்னக்கான்னு நெறைய பேரு கேட்டிருந்தீங்க, அதான் இன்னிக்கு வில்லன்.

நம்ம பூனை துரை பாக்ஸ்ல, அதாவது மண்ணு போட்டு வச்ச பூனை டாய்லெட்ல, உச்சா போறத நிறுத்திட்டாரு. மேட்டு மேல போறாரு, பீன் பேக்ல போறாரு, அயர்ன் பண்ணி மடிச்சு வச்ச வேட்டி மேல போறாரு, நம்ம இன்னொரு பூனை சொர்ணம் மட்டும் ஒழுங்கா பாக்ஸுக்குள்ள போயிட்டு வந்துட்டிருக்கா. சொந்தக்காரங்க யாரு ஃபோன் பண்ணாலும் ஒரே டயலாக், "நீங்க ஊருக்குப் போனீங்கல்ல, அதான் பழி வாங்குது". கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது! தட்டு காலியானாதான் துரைக்கு என் ஞாபகமே வரும், அவரு உக்காந்து பிளான் போட்டு வேட்டிய நனைக்கிறாராம்.

பாக்ஸ் கதைக்கு முன்னாடி ஒண்ணு, ஸ்கிப் பண்ணாதீங்க. ஆண் பூனை திடீர்னு எடம் மாத்திப் போனா மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுங்களுக்கு மூத்திரக் குழாய் ரொம்ப ஒல்லி, கல்லோ கழிவோ போய் அடைச்சிடும். சும்மா சும்மா போய் உக்காருது, முக்குது, கத்துது, ஒரு சொட்டுதான் வருது இல்ல வரவே இல்ல, அங்கயே நக்கிட்டிருக்குன்னா காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே தூக்கிட்டு ஓடுங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும். மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் குடுக்குறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். துரைக்கு யூரின் டெஸ்ட் எடுத்தாச்சு, ஸ்கேனும் பாத்தாச்சு, ரெண்டும் கிளியர். சுவத்துல வால நட்டுக்கிட்டு பீச்சுறதும் இல்ல, அது எல்லை போடுற வேலை, இவரு நல்லா குந்தி உக்காந்து குளம் கட்டுறாரு.

அப்ப பாக்ஸ்லதான் பிரச்சனை. கீழ் வீட்டம்மா ஏதோ வாடை வருதுன்னு சொல்லிட்டாங்கன்னு நம்ம வீட்டுக்காரர் ஆன்லைன்ல ஒரு மூடி போட்ட பாக்ஸ் வாங்கினாரு, அதான் அந்த வெள்ளக் கூடு, 2800 ரூபா, 2800! தள்ளுற கதவு வேற, உள்ள கார்பன் ஃபில்டராம். நமக்கு வாடை வரலதான், ஏன்னா மொத்த வாடையும் உள்ளயே நிக்குது, அதுக்குள்ளதான் அவரு தலைய விடணும். அதோட உள்ள திரும்புறதுக்கே எடம் இல்ல. பூனை நீளத்துக்கு ஒன்றரை மடங்காவது பாக்ஸ் இருக்கணும், நம்ம துரை சைஸ் உங்களுக்கே தெரியும். இன்னும் ஒண்ணு, சொர்ணம் இருக்காளே, இவரு உள்ள போனதும் மூடி மேல ஏறி உக்காந்துக்கிட்டு, வெளிய வரும்போது மண்டைல ஒரு அடி. இருக்குறதோ ஒரே வாசல், அவரு எப்படித்தான் போவாரு சொல்லுங்க.

நேரா ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். ஒரு பிளாஸ்டிக் சாமான் கடைல கட்டிலுக்கு அடில வைக்கிற நீள டப் தொங்குது, 380ன்னாரு. நான் 300ன்னேன். அம்மா இது வெர்ஜின் பிளாஸ்டிக்குன்னாரு, அண்ணே பூனை உச்சா போறதுக்குத்தான்னேன், மனுஷன் ஒரு நிமிஷம் என்னயே பாத்துட்டு 320க்குக் குடுத்துட்டாரு, மூடியும் வேணாம்னு அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். ஆட்டோக்காரர் அத மடில வச்சுக்க சொன்னாரு, சிக்னல்ல பக்கத்து பைக்ல இருந்த பொண்ணு மீன் வளக்கவான்னு கேக்குது. வீட்டுக்கு வந்து கத்திய சூடு பண்ணி ஒரு பக்கம் மட்டும் தாழ்வா வெட்டி, உப்புத்தாள் போட்டு ஓரத்த தேச்சு, ரெண்டு இஞ்ச் மண்ணு கொட்டி ஹால் மூலைல வச்சேன். வந்தாரு, மோந்தாரு, தோண்டினாரு, போனாரு! நான் கிச்சன்ல வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறேன்.

ஐயோ மெயின் மேட்டர் விட்டுட்டேன், மண்ணு. கூடு வந்த அதே நேரம் வீட்டுக்காரர் லேவண்டர் வாசன மண்ணும் சேத்து வாங்கிட்டாரு. எது காரணம்னு தெரியணும்ல, அதனால டப் செட் ஆனப்புறம் அதுலயே ஒருவாட்டி லேவண்டர் கொட்டிப் பாத்தேன், மோந்துட்டு கால உதறிட்டு நேரா பீன் பேக். வாசன நமக்குத்தான்பா, முன்னாடி போட்டுட்டிருந்த வாசன இல்லாத, நனைஞ்சா கட்டியாகுற மண்ணே போதும், தெனம் ரெண்டு வேள அள்ளுங்க, வாடை எங்க வருதுன்னு பாக்கலாம்.

ரெண்டு பூனைக்கு மூணு பாக்ஸ் வைக்கணும்பாங்க. மூணையும் வரிசையா ஒரே எடத்துல வச்சா அதுங்களுக்கு அது ஒரே பாக்ஸ் கணக்குதான், அதனால ஹால்ல ஒண்ணு, பால்கனில ஒண்ணு, மூணாவது எங்கன்னு வீட்ல சண்ட போயிட்டிருக்கு. வாஷிங் மெஷின் பக்கம் வைக்காதீங்க, அது சுத்துற சத்தத்துக்கே பயந்து ஓடிடும்.

அப்புறம் பினாயில். உச்சா போன எடத்துல பினாயில் ஊத்துற பழக்கம் இருந்தா இன்னியோட விட்டுடுங்க, அதுல இருக்குற ஃபீனால் பூனை ஈரலுக்கு ஆகாது, கால்ல ஒட்டினத நக்கிடும். அம்மோனியா இருக்குற லிக்விடும் வேணாம், அதுங்களுக்கு அது மூத்திர வாடை மாதிரியே இருக்கும், மறுபடி அங்கயே போகும். என்ஸைம் இருக்குற துணி பவுடர தண்ணில கரைச்சு தொடச்சு, நல்ல தண்ணில அலசி காய விடுங்க.

அந்த வெள்ளக் கூட்ட என்ன பண்றதுன்னு தெரியல, ரிட்டர்ன் டேட் முடிஞ்சிடுச்சு. சொர்ணத்துக்கு மூடி ஓகேதான், ஆனா அவளும் இப்ப டப்லதான் போறா. தி.நகர் பக்கம் சின்ன சைஸ் பூனை வச்சிருக்கவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, பாதி விலைக்கு, சரி, பாதிக்கும் கீழ பேசிக்கலாம்.