ஒரு அளவுக் குவளையும் ஒரு நோட்டும்

பெரியவர்களே, தம்பிமார்களே, வணக்கம்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்தேன். வாசலை ஒட்டிய நாற்காலிகள்தான் முதலில் நிறைந்தன. காரணம் எனக்குத் தெரியும். நம்மில் பலர் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் தேடுவது கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைத்தான். பஸ் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாமல் கிளம்புகிறவர்கள் உண்டு. மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள், "டாக்டர், ராத்திரி சிறுநீர் போக நாலு தடவை எழுந்திரிக்கிறேன்" என்பார்கள். "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகுது?" என்று கேட்டால் பதில் வராது. யார்தான் அளந்து பார்த்திருக்கப் போகிறார்கள்? அதனால் ஒரு வேலை கொடுத்து அனுப்புவேன். ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை, ஒரு நோட்டு, மூன்று நாள். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, இடையில் என்ன குடித்தீர்கள் என்று எழுத வேண்டும்.

அப்படி ஒருவர் நோட்டைக் கொண்டுவந்தார். ரிட்டயர் ஆனவர். யாரோ சொன்னார்கள் என்று புராஸ்டேட் மாத்திரையை இரண்டு மாதமாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நோட்டைப் பிரித்தால் 380, 400, 350 என்று வரிசையாக இருந்தது. கூட்டினால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். சிறுநீர்ப்பை கொள்வதே சுமார் 400, 500 மில்லிதான். பை நிறைந்த பிறகே அவர் போகிறார் என்றால் பையில் கோளாறு இல்லை, வரத்துதான் அதிகம். ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தோம், ஏகமாக இருந்தது. சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. சிறுநீரோடு அது இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அவருக்கு வேண்டியிருந்தது சர்க்கரைக்கான சிகிச்சை.

நோட்டில் 80, 100, 70 என்று எழுதியிருந்தால் அது வேறு கதை. அங்கேதான் புராஸ்டேட்டை நினைக்க வேண்டும். பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி மோதிரம் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. வாலிபத்தில் சுமார் 20 கிராம் இருக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு மெல்லப் பெருக்கும், பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. குழாய் இறுகினால் போய் நின்று காத்திருக்க வேண்டும். வேகம் குறையும், முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போலிருக்கும். முக்கி முக்கித் தள்ளியே பையின் சதை தடித்து, கொஞ்சம் நிறைந்ததுமே துடிக்க ஆரம்பித்துவிடும். வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே அடக்க முடியாமல் போகிறதே, அது இந்தத் துடிப்புதான். புராஸ்டேட் பெருக்காதவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும், நடுக்குவாதக்காரருக்கும் இது வரலாம். நீர்க்கடுப்போடு வந்தால் கிருமித் தொற்றையோ கல்லையோ பார்க்க வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொரு வகைக்கு. சொட்டுச் சொட்டாக உள்ளாடை நனையும், வலி இருக்காது. பிடிமானம் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் துணியை மடித்து வைத்துக்கொள்வார். உண்மையில் உள்ளே அடைப்பு. தொட்டி நிரம்பி வழிவது போலப் பை நிரம்பி வழிகிறது. அந்த அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்தால் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, ஏற்கெனவே சிரமப்பட்டுப் போகிறவர்கள் சளிக்கென்று கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில சளி மாத்திரைகள் பையின் வாயை இறுக்கி அடியோடு நிறுத்திவிடும்.

பகலில் தொந்தரவு இல்லை, ராத்திரி மட்டும் நிறையப் போகிறது என்றால் கால்களைப் பாருங்கள். சாயந்திரம் கணுக்காலில் வீக்கம் இருந்தால், அந்த நீர்தான் படுத்ததும் ரத்தத்தில் ஏறிச் சிறுநீராக இறங்குகிறது. குறட்டைவிட்டு மூச்சு நின்று நின்று வருகிறவருக்கும் இப்படி ஆகும். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

போய்விட்டு வந்த பிறகு வேட்டியில் நாலு சொட்டு விழுவது இளைஞர்களுக்கும் உண்டு. குழாயின் வளைவில் தங்கியதுதான் அது. விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்னால் தள்ளினால் போதும்.

சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை, வலியே இல்லாமல் வந்தாலும் காட்டிவிடுங்கள், பீடி சிகரெட் பிடித்தவர்கள் முக்கியமாக. சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும், குளிரோடு காய்ச்சல் வந்தாலும், கால் மரத்துச் சிறுநீர்க் கட்டுப்பாடு போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாசல் மேசையில் குவளையும் நோட்டும் வைத்திருக்கிறோம், எடுத்துப் போங்கள். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்த நோட்டை நீட்டுங்கள். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.