‘விஸ்.’ என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

வணக்கம். இன்றைக்கு ஒரு அம்மா கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறார். வந்த கடிதத்தில், “ப்ரிங் த்ரீ ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ஸ், விஸ். மார்க் ஷீட், கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் அண்ட் டிரான்ஸ்ஃபர் சர்ட்டிஃபிகேட்” என்று இருந்ததாம். “வி, ஐ, இஸட், பக்கத்தில் ஒரு புள்ளி. இது அச்சுப் பிழையா சார்? இந்த மூன்றும் போதுமா, வேறு ஏதாவது கொண்டுபோகணுமா?” என்று கேட்டிருக்கிறார்.

பிழை இல்லை அம்மா. அந்தக் கடிதம் கேட்பது இந்த மூன்றை மட்டும்தான். அந்த ‘மட்டும்தான்’ என்பதைச் சொல்லத்தான் ‘விஸ்.’ போடுகிறார்கள்.

நாம் பள்ளிக்கூடத்தில் எழுதியிருப்போமே, “ஐவகை நிலங்களாவன: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை” என்று. அந்த ‘ஆவன’ செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘விஸ்.’ செய்கிறது. முதலில் ஐந்து என்று சொல்லியாயிற்று, அப்புறம் ஐந்தையும் பெயர் சொல்லி எண்ணிவிடுகிறோம். ‘ஈ.ஜி.’ அப்படி இல்லை, அது நம்முடைய ‘எ.கா.’ மாதிரி. பெரிய கூட்டத்தில் இருந்து ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக் காட்டும். ‘ஐ.ஈ.’ என்பது ‘அதாவது’. சொன்னதையே இன்னொரு விதமாக விளக்கும்.

இது லத்தீனில் இருந்து வந்தது. முழுச்சொல் ‘விடெலிகெட்’. ‘விடேரே’ என்றால் பார்ப்பது, ‘லிகெட்’ என்றால் செய்யலாம், அனுமதி உண்டு. இரண்டும் சேர்ந்த சொல் இது. சரி, முழுச்சொல்லில் இஸட்டே இல்லையே, சுருக்கத்தில் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இடைக்கால ஐரோப்பாவில் கையால் பிரதி எடுத்தவர்கள், சொல்லின் கடைசியில் வரும் ‘எட்’ என்பதை முழுதாக எழுதாமல் 3 மாதிரி ஒரு குறி போடுவார்கள். பிறகு அச்சில் அந்தக் குறி இருந்த இடத்தில், பார்க்க ஒரே மாதிரி இருந்த இஸட் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதுகிறவர் கை வலிக்காமல் இருக்கப் போட்ட ஒரு குறி, இன்றைக்கு நம் ஊர்க் கடிதம் வரைக்கும் வந்திருக்கிறது.

வாசிக்கும்போது ‘விஸ்’ என்றும் சொல்லலாம். ஆனால் பெரும்பாலும் ‘நேம்லி’ என்றுதான் படிப்பார்கள். ‘எ.கா.’ என்று எழுதியிருப்பதை நாம் ‘எடுத்துக்காட்டு’ என்று படிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி.

அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘விஸ்.’ போட்டுப் பட்டியல் எழுதிவிட்டு, கடைசியில் ‘எட்ஸெட்ரா’ சேர்க்காதீர்கள். “ஐவகை நிலங்களாவன குறிஞ்சி, முல்லை முதலியன” என்று யாராவது எழுதுவார்களா? இந்த அம்மாவுக்கு வந்த கடிதத்தில் அந்த ஒரு சொல் இருந்திருந்தால், வீட்டில் உள்ள எல்லாச் சான்றிதழையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருக்க வேண்டும்.

அப்புறம், ‘விஸ்-ஆ-விஸ்’ என்று பார்த்திருப்பீர்கள். அது எஸ்ஸில் முடிகிற பிரெஞ்சுத் தொடர். ‘நேருக்கு நேர்’ என்று பொருள். ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போது வரும். பொருளில் இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

நீங்களே எழுதும்போது ‘நேம்லி’ என்றே எழுதுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது. ‘விஸ்.’ போடத்தான் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி வையுங்கள்.