எழுத்துத் தேர்வே நியாயம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

வேலைக்கு ஆள் எடுக்க எது நியாயம், எழுத்துத் தேர்வா நேர்காணலா? எதிரணி அண்ணன் கேட்டாரு: "பொண்ணு பார்க்காம கல்யாணம் பண்ணுவீங்களா? ஆளைப் பார்க்காம வேலை கொடுப்பீங்களா?" நீங்களும் கைதட்டினீங்க.

அண்ணே, பொண்ணு பார்க்கப் போன இடத்துல என்ன கேட்கிறோம்? சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றாரு, எந்தத் தெரு? பொண்ணு எம்.எஸ்ஸி. படிச்சிருக்கும். அந்தப் படிப்பைப் பத்தி ஒருத்தராவது வாயைத் திறக்கிறோமா?

இதே கூத்து ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில நடந்துச்சு. வேலைக்கு இல்ல, அட்மிஷனுக்கு. எழுத்துக்கு 100 மார்க், நேர்முகத்துக்கு 50. ஒரு பையன் உள்ள போறான். உட்கார்றான். "அப்பா என்ன பண்றாரு?" சொல்றான். "வீடு எங்க?" சொல்றான். "சரிப்பா, போயிட்டு வா." அவ்வளவுதான்! ரெண்டு, மூணு நிமிஷம். இயற்பியல் கேட்கல, கணக்கு கேட்கல. அப்பன் பேரையும் வீட்டு விலாசத்தையும் கேட்டுட்டு 50 மார்க்குக்கு எதை அளந்தாங்க? பசங்க கோர்ட்டுக்குப் போனாங்க. அஜய் ஹாசியா வழக்கு, 1980-ல தீர்ப்பு. நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல மார்க் வச்சா அது தன்னிச்சையானதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு!

மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் சி பிரிவு வேலைகளுக்கு நேர்முகத்தையே எடுத்துட்டாங்க. நம்ம தமிழ்நாடு அரசோட குரூப் 4 வேலைக்கும் எழுத்துத் தேர்வு மட்டும்தான்.

எங்க தெருவுல ஒரு பொண்ணு. அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி அடைக்கிறவங்க. ஒரு கம்பெனி நேர்காணல்ல அதே கேள்வி: "அப்பா என்ன பண்றாரு?" அப்பா விட்டுட்டுப் போனவர். என்ன சொல்லும் அந்தப் புள்ள? தலை குனிஞ்சுது. தைரியம் பத்தலைன்னு அனுப்பிட்டாங்க.

அதே பொண்ணு கருப்புப் பேனாவால வட்டத்தை நிரப்பி குரூப் 4 பாஸ் பண்ணுச்சு. தாலுகா ஆபீஸ்ல இளநிலை உதவியாளர். ரிசல்ட் வந்த அன்னிக்கு, மருந்து ஒட்டின விரலோட அந்தம்மா மகளோட கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டாங்க: "அப்பாவப் பத்தி ஒண்ணும் கேக்கலையா தாயி?"

"இல்லம்மா, எழுதினத மட்டும்தான் பாத்தாங்க."

அந்தத் தாய் வாய்விட்டு அழுதாங்க. தெருவே கூட அழுதுச்சு. நடுவர் அவர்களே, அந்தத் தாயை நினைச்சு தீர்ப்புச் சொல்லுங்க. வணக்கம்.